பாக்டீரியா இப்போது என்ன செய்கிறது?

கொச்சியில் மட்டாஞ்சேரிக்கும் வில்லிங்டன் தீவுக்கும் நடுவே கிடக்கும் காயல் ஆண்டு முழுவதும் ஒரே குணத்தோடு இருப்பதில்லை. ஜூன் மாதம் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும், பெரியாறும் மூவாற்றுப்புழையாறும் கொண்டுவரும் வெள்ளத்தில் மேல்மட்ட நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். மார்ச், ஏப்ரலில் அதே இடத்தில் கடலுக்கு நெருக்கமான உப்பு. ஒரே நாளுக்குள்ளும் வேலியேற்றம் வந்தால் உப்பு கூடும், இறங்கினால் குறையும். இதோடு மீன் கழிவும் இறால் ஓடும் நகரத்துச் சாக்கடையும் சேர்கின்றன.

இந்த நீரில் விப்ரியோ இனத்துப் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரேயும் அவற்றில் ஒன்று. கொச்சியில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் மண்டல மையமும் இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வகமும் சேர்ந்து, இந்த நீரும் அடங்கிய வேம்பநாட்டுக் காயலில் இதைத் தேடின. அது அங்கே இருப்பதைக் கண்டதோடு, எந்தப் பகுதியில் அது கூடுதலாக இருக்கக்கூடும் என்பதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணிக்கும் முயற்சியையும் 2021இல் வெளியிட்டன. இதைக் கேட்டுப் பதற வேண்டியதில்லை. இயற்கை நீர்நிலைகளில் கிடக்கும் பெரும்பாலான விப்ரியோ காலரே வகைகளிடம் காலரா நஞ்சுக்கான மரபணு கிடையாது. அந்த மரபணுவை ஒரு வைரஸ்தான் பாக்டீரியாவுக்குள் கொண்டுவருகிறது என்று 1996இல் கண்டறிந்தார்கள்.

நாம் கேட்கப்போகும் கேள்வி வேறு. ஒரு விப்ரியோவின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. அதற்கு நரம்பு இல்லை, மூளை இல்லை. ஆனால் உணவு இருக்கும் பக்கம் நீந்துகிறது, இரை மாறினால் செரிக்கும் வழியை மாற்றுகிறது, தன்னைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்திருக்கிறதா என்று அறிகிறது. இத்தனை முடிவுகளும் எங்கே எடுக்கப்படுகின்றன?

மரபணுவுக்கு நேரமாகும்

பள்ளிப் பாடத்தில் இதற்கு ஒரு விடை உண்டு. தேவைக்கேற்ப மரபணு இயங்கும், அதன் நகலாக ஆர்என்ஏ உருவாகும், ஆர்என்ஏயைப் படித்துப் புரதம் உருவாகும், புரதம் வேலை செய்யும். விடை சரிதான், ஆனால் மெதுவானது. எஷரிக்கியா கோலை பாக்டீரியாவில் ஆர்என்ஏ நொடிக்குச் சுமார் 40 முதல் 50 எழுத்து வேகத்தில்தான் நீள்கிறது. 1,000 எழுத்து உள்ள ஒரு மரபணுவை நகலெடுக்கவே 20 நொடிக்கு மேல் ஆகும். தேவையான அளவு புரதம் சேரப் பல நிமிடங்கள் வேண்டும். வேலை முடிந்தபின் அந்தப் புரதத்தை அகற்றுவதற்கு அதைவிடவும் கூடுதல் நேரம் ஆகலாம்.

விப்ரியோ காலரேயோ நொடிக்கு 100 மைக்ரோமீட்டரை ஒட்டிய வேகத்தில் நீந்தக்கூடியது. ஒரு மரபணு நகலாகி முடிவதற்குள் அது தன் நீளத்தைப்போல் ஆயிரம் மடங்கு தூரம் போய்விடும். எந்த உணவுக்காக மரபணு இயங்கத் தொடங்கியதோ அந்த உணவு பின்னால் எங்கோ கிடக்கும்.

ஆகவே பாக்டீரியா இன்னொரு வழியையும் வைத்திருக்கிறது. புரதத்தைப் புதிதாகச் செய்யாமல், ஏற்கெனவே இருக்கும் புரதத்தின் ஓர் இடத்தில் சிறு வேதிப்பொருளை ஒட்டுகிறது. ஒட்டியதும் புரதத்தின் வடிவமோ மின்னூட்டமோ மாறும், அதனால் வேலையும் மாறும். தேவை தீர்ந்ததும் கழற்றிவிடும். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக் கிடங்குகளில் மிளகு மூட்டை ஒன்றுதான். மேலே அடித்த முத்திரைதான் அது எந்த லாரியில் ஏறும், எது கிடங்கிலேயே காத்திருக்கும் என்பதைச் சொல்லும். புரதத்தில் ஒட்டும் வேதிப்பொருளையும் இனி முத்திரை என்றே சொல்வோம்.

எந்த முத்திரை, எங்கே?

புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அவற்றில் சிலவற்றின்மேல்தான் முத்திரை வைக்க முடியும். பாஸ்பேட் முத்திரை செரின், திரியோனின், ஹிஸ்டிடின், அஸ்பார்டிக் அமிலம் ஆகியவற்றின்மேல் ஒட்டும். அதை ஒட்டும் நொதிக்குக் கைனேஸ் என்று பெயர். பாஸ்பேட் எதிர்மின்னூட்டம் கொண்டது, ஆகவே ஒட்டிய இடத்தின் குணம் பெரிதும் மாறும். அசிட்டைல் முத்திரை லைசினின்மேல் ஒட்டி, அதன் நேர்மின்னூட்டத்தை மறைத்துவிடும். மெத்தில் முத்திரை மிகச் சிறியது, ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் மட்டுமே.

இவை போக, ஏஎம்பி என்ற பெரிய மூலக்கூற்றையே முத்திரையாக ஒட்டுவதும் உண்டு. நைட்ரஜனைச் சேர்த்துக் குளூட்டமின் உண்டாக்கும் நொதி எஷரிக்கியா கோலையில் 12 அலகுகளால் ஆனது. ஒவ்வோர் அலகிலும் ஒரு முத்திரை ஒட்டலாம். நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால் முத்திரைகள் கூடும், நொதியின் வேகம் குறையும். தட்டுப்பாடு வந்தால் ஒவ்வொன்றாகக் கழன்று வேகம் ஏறும். 1960களில் அமெரிக்காவில் ஏர்ல் ஸ்டாட்மனின் குழு இதை விரிவாக ஆராய்ந்தது. முத்திரை என்றால் இயக்கு, நிறுத்து என்ற இரண்டே நிலைதான் என்று நினைக்க வேண்டாம். எத்தனை ஒட்டியிருக்கின்றன என்பதும் ஒரு செய்திதான்.

நீச்சலும் நினைவும்

பாக்டீரியாவின் நடத்தையில் மிக நன்றாகப் புரிந்துகொள்ளப்பட்டது அதன் நீச்சல். 1960களில் ஜூலியஸ் ஆட்லர் எஷரிக்கியா கோலையைக் கொண்டு தொடங்கிய ஆய்வு இதற்கு அடித்தளம். அந்தப் பாக்டீரியா சற்று நேரம் நேராக நீந்தும், பிறகு ஒரு கணம் தடுமாறிப் புரளும், வேறு திசையில் மீண்டும் நீந்தும். புரண்டபின் எந்தத் திசை அமையும் என்பது தற்செயல். ஆனால் நல்ல திசையில் போகும்போது புரள்வதைத் தள்ளிப்போடுகிறது. இந்த ஒரு தந்திரத்தாலேயே மொத்தத்தில் உணவை நோக்கி நகர்ந்துவிடுகிறது.

எப்போது புரள வேண்டும் என்பதைப் பாஸ்பேட் முத்திரை சொல்கிறது. செல்லின் முனையில் உள்ள உணரிகளோடு ஒரு கைனேஸ் சேர்ந்திருக்கும். உணவு கிடைக்காதபோது அது தன்மேல் பாஸ்பேட்டை ஏற்றிக்கொண்டு, கீ-ஒய் என்னும் சிறு புரதத்துக்குக் கைமாற்றும். முத்திரை பெற்ற கீ-ஒய் மிதந்து சென்று நீந்தும் இழையின் மோட்டாரைத் தொடும், மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலும், பாக்டீரியா புரளும். உணவு உணரியில் பட்டால் கைனேஸ் அடங்கும், கீ-ஒய்யில் ஒட்டிய பாஸ்பேட்டை வேறொரு புரதம் உடனே கழற்றிவிடும், நேர்நீச்சல் தொடரும். உணரியிலிருந்து மோட்டார்வரை இதற்கு ஒரு நொடியில் சிறு பகுதியே ஆகிறது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. உணவு கூடிக்கொண்டு வருகிறதா, குறைகிறதா என்று தெரிய வேண்டுமென்றால் சற்று முன்பு எவ்வளவு இருந்தது என்று நினைவிருக்க வேண்டும். அந்த நினைவு மெத்தில் முத்திரையில் இருக்கிறது. ஒரு நொதி உணரிகளின்மேல் மெதுவாக, விடாமல் மெத்திலை ஒட்டிக்கொண்டே இருக்கும். இன்னொன்று கழற்றும், ஆனால் கைனேஸ் சுறுசுறுப்பாக இருக்கும்போது மட்டும். உணவு மிகுந்த இடத்தில் கைனேஸ் அடங்கிக் கிடப்பதால் மெத்தில் கூடும். கூடிய மெத்தில் உணரியின் கூர்மையைக் குறைத்து, கைனேஸைப் பழைய நிலைக்கே கொண்டுவரும். இப்போது அதே அளவு உணவு பாக்டீரியாவை ஈர்க்காது, அதைவிடக் கூடினால்தான் ஈர்க்கும். உணரிமேல் உள்ள மெத்தில்களின் எண்ணிக்கைதான் கடந்த சில நொடிகளின் பதிவு. மெத்தில் இதில் பங்கெடுக்கிறது என்பதை ஆட்லரின் குழு 1975இல் காட்டியது.

எஷரிக்கியா கோலைக்கு ஐந்தே வகை உணரிகள். விப்ரியோ காலரேயிடம் 40க்கும் மேற்பட்டவை உள்ளன. அதற்கு ஒரே ஒரு நீந்தும் இழை, அதன் மோட்டார் சோடியம் அயனியால் ஓடுகிறது. காயலின் உப்பே அதற்கு எரிபொருள்.

சர்க்கரை தீர்ந்தால்

அடுத்தது வளர்சிதை மாற்றம். குளுக்கோஸ் நிறையக் கிடைத்தால் எஷரிக்கியா கோலை அதை முழுவதும் எரிப்பதில்லை, ஒரு பகுதியை அசிட்டேட்டாக வெளியே தள்ளிவிடும். வினிகரின் புளிப்பு எந்த அமிலத்தால் வருகிறதோ அதன் உப்புதான் அசிட்டேட். குளுக்கோஸ் தீர்ந்ததும், தான் வெளியே தள்ளிய அதே அசிட்டேட்டை எடுத்துத் தின்னத் தொடங்கும்.

இந்த மாற்றத்தில் இரண்டு முத்திரைகள் வேலை செய்கின்றன. அசிட்டேட்டில் இரண்டே கார்பன். வழக்கமான வளர்சிதைச் சுழற்சியில் அதை விட்டால் இரண்டும் கார்பன் டைஆக்சைடாகப் போய்விடும், உடலைக் கட்ட எதுவும் மிஞ்சாது. ஆகவே அந்தச் சுழற்சியில் உள்ள ஐசோசிட்ரேட் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதியின் பெரும்பகுதியைப் பாக்டீரியா பாஸ்பேட் ஒட்டி முடக்குகிறது. பாதை அடைபட்டதும் கார்பன், இழப்பில்லாத ஒரு குறுக்குவழியில் திரும்புகிறது. குளுக்கோஸ் மீண்டும் கிடைத்தால் பாஸ்பேட் கழன்று பாதை திறக்கும். ஒட்டுவதும் கழற்றுவதும் ஒரே நொதி. பாக்டீரியாக்களில் புரதத்தின்மேல் பாஸ்பேட் ஒட்டும் வழக்கம் உண்டா என்பதே சந்தேகமாக இருந்த காலத்தில், 1979இல் கார்னக், ரீவ்ஸ் என்ற ஆய்வாளர்கள் இந்த நொதியைக் கொண்டுதான் உண்டு என்று காட்டினார்கள்.

இரண்டாவது, அசிட்டேட்டை உள்ளே எடுத்து அசிட்டைல்-கோஏ ஆக்கும் நொதி. 2002இல் ஹோர்ஹே எஸ்கலாந்தே-செமரேனாவின் குழு சால்மொனெல்லா பாக்டீரியாவில் கண்டது இது: அந்த நொதியின் 609ஆவது இடத்தில் உள்ள லைசின்மேல் அசிட்டைல் ஒட்டினால் வேலை நிற்கும், கழற்றினால் தொடரும். அசிட்டைல் முத்திரைக்கான பொருள் அசிட்டைல்-கோஏயிலிருந்தே வருகிறது. அதாவது நொதி தன் விளைபொருளை அளவுக்கு மீறிக் குவித்தால், அந்த விளைபொருளே முத்திரையாகி நொதியை நிறுத்துகிறது. வெளியிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் தேவைப்படவில்லை.

இறால் ஓட்டின்மேல் கூடும் கூட்டம்

கொச்சியைச் சுற்றி இறால் உரிக்கும் பீலிங் ஷெட்டுகள் பல. உரித்த ஓட்டில் இருப்பது கைட்டின். 1957இல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்த ஓட்டிலிருந்து கைட்டினும் கைட்டோசானும் எடுக்கும் முறைகளை உருவாக்கியது. நமக்கு அது தொழிற்சாலைச் சரக்கு, விப்ரியோவுக்கு அது உணவு. இறால் ஓடு, நண்டு ஓடு, நீரில் மிதக்கும் கோபிபாட் என்ற சிற்றுயிரின் ஓடு என எதன்மேலும் ஒட்டிக்கொண்டு கைட்டினைச் செரிக்கும்.

விப்ரியோ கோபிபாடில் ஒட்டியிருக்கும் என்பதைப் பல்லாண்டு ஆராய்ந்தவர் ரீட்டா கால்வெல். அவருடைய குழு வங்கதேசத்தில் பழைய சேலைத் துணியை நான்காக மடித்து அதில் குடிநீரை வடிகட்டச் சொன்னது. அப்படிச் செய்த கிராமங்களில் காலரா ஏறத்தாழ 48 விழுக்காடு குறைந்ததாக 2003இல் அறிவித்தார்கள். தனிப் பாக்டீரியா சேலைத் துணியின் கண்ணில் நுழைந்துவிடும், கோபிபாட் நுழையாது.

ஓட்டின்மேல் ஒட்டிய பாக்டீரியாக்கள் பெருகும்போது, தாம் எத்தனை பேர் என்பதை அறிய வேதிச் சமிக்ஞைகளை வெளியிடுகின்றன. ஆள் குறைவாக இருந்தால் சமிக்ஞை நீரில் கரைந்து போகும். அந்த நிலையில் செல்லின் உறையில் உள்ள உணரிகள் கைனேஸாக நடந்து, லக்ஸ்-ஓ என்ற புரதத்துக்குப் பாஸ்பேட்டைக் கடத்திவிடும். பாஸ்பேட் உள்ளவரை பாக்டீரியா ஒட்டிப் படலம் அமைக்கும் வழியில் இருக்கும், நஞ்சு மரபணு உடைய வகையென்றால் நஞ்சும் உண்டாக்கும். கூட்டம் பெருகிச் சமிக்ஞை செறிந்ததும் அதே உணரிகள் தலைகீழாக மாறிப் பாஸ்பேட்டைக் கழற்றத் தொடங்கும். லக்ஸ்-ஓ அடங்கும், படலம் கலையும், நஞ்சு நிற்கும், பாக்டீரியாக்கள் கிளம்பி வேறிடம் தேடும். போனி பாஸ்லர் உள்ளிட்டோர் இந்தக் கணக்கைத் துலக்கினார்கள்.

இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் நோயை உண்டாக்கும் விப்ரியோ ஹார்வேயியும் இதே முறையில்தான் எண்ணுகிறது. கூட்டம் சேர்ந்ததும் அது செய்வது ஒளிர்வது. பாதிக்கப்பட்ட தொட்டி இருட்டில் நீலமாக மினுங்கும். மட்டாஞ்சேரிக்குத் தெற்கே கும்பளங்கிக் காயலில் கோடையில் தெரியும் கவரு என்ற ஒளியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பெரும்பாலும் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் ஒருசெல் உயிரிகளின் ஒளி.

நம் புரதத்தில் வைக்கும் முத்திரை

பாக்டீரியா தன் புரதத்தில் மட்டும் முத்திரை வைப்பதில்லை. காலரா நஞ்சை 1959இல் கொல்கத்தாவில் சம்பு நாத் டே கண்டறிந்தார். பாக்டீரியா நீக்கிய வெறும் வளர்ப்பு நீரே முயலின் குடலில் நீரைச் சுரக்க வைத்தது. அந்த நஞ்சு எப்படி வேலை செய்கிறது என்பது 1970களின் இறுதியில் தெளிந்தது. அது நம் குடல் செல்லுக்குள் நுழைந்து, ஏடிபி-ரைபோஸ் என்ற முத்திரையை, செல்லுக்குள் செய்தி கடத்தும் நம் ஜி-புரதத்தின் ஓர் ஆர்ஜினின்மேல் ஒட்டுகிறது. அந்தப் புரதம் இயங்கியபின் தானாக அடங்க வேண்டியது. முத்திரை விழுந்ததும் அடங்கும் திறனை இழக்கிறது. சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு குவிகிறது, குளோரைடு வெளியே கொட்டுகிறது, பின்னாலேயே நீரும். கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர்வரை நீர் வெளியேறும்.

பாக்டீரியா தனக்கு வைத்துக்கொள்ளும் முத்திரைகளைக் கழற்ற அதனிடமே நொதி உண்டு. நமக்கு வைத்த இதைக் கழற்ற எந்த மருந்தும் இல்லை. ஆனாலும் பிழைக்க வழி உண்டு. குடலில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து உள்ளே வரும் வாயில் ஒன்று இருக்கிறது. அதை இந்த முத்திரை தொடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் அந்த வாயிலைத்தான் பயன்படுத்துகிறது. 1971இல் வங்க அகதிகள் தங்கிய போன்காவ் முகாமில் திலீப் மகாலனாபிஸ் இந்தக் கரைசலைப் பரவலாகக் கொடுத்தார், இறப்பு 30 விழுக்காட்டிலிருந்து 3.6 விழுக்காடாக இறங்கியது. இன்றைய ஓஆர்எஸ் பொட்டலத்தில் ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் சோடியம் குளோரைடும் உண்டு. குடலின் உள்வரிச் செல்கள் சில நாட்களில் உதிர்ந்து புதியவை வரும்போது முத்திரை பட்ட புரதமும் போய்விடும். அதுவரை உடலில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதே சிகிச்சையின் முதுகெலும்பு.

உறங்கும் காசநோய்க் கிருமி

புரத முத்திரைகளை இந்திய ஆய்வகங்கள் ஆராயும் நோய்களில் காசநோயும் ஒன்று. உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். இந்தக் கிருமி உடலுக்குள் பல்லாண்டுகள் நோய் காட்டாமல் கிடக்கும். டெல்லி எய்ம்ஸில் ஜெயா சிவசாமி தியாகியின் குழு 2000இல் விவரித்த டெவ்-ஆர் என்ற புரதம் இதற்கு ஒரு திறவுகோல். ஆக்சிஜன் குறைந்தால் உணரியிலிருந்து டெவ்-ஆருக்குப் பாஸ்பேட் வரும், ஏறத்தாழ 50 மரபணுக்கள் விழிக்கும், கிருமி வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும் நிலைக்குப் போகும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சந்தியா விஸ்வேஸ்வரையாவின் குழு 2010இல் இன்னொன்றைக் காட்டியது. காசநோய்க் கிருமியின் குடும்பத்தில், அசிட்டைல் முத்திரை ஒட்டும் நொதியோடு சைக்ளிக் ஏஎம்பியை உணரும் பகுதியும் ஒன்றாக இணைந்திருக்கிறது. அந்த முத்திரை கொழுப்பமிலங்களைக் கையாளும் நொதிகளைக் கட்டுப்படுத்துவதாக 2013இல் விவரித்தார்கள். நம் உடலுக்குள் இந்தக் கிருமி பெரும்பாலும் கொழுப்பைத் தின்றே பிழைக்கிறது என்பதால் இது முக்கியமானது.

எடை போட்டுப் படிப்பது

இவ்வளவு சிறிய முத்திரையைக் கண்டுபிடிப்பது எப்படி? எடையால்தான். பாஸ்பேட் ஒட்டிய புரதத் துண்டு 80 டால்டன் கூடும், அசிட்டைல் ஒட்டியது 42, மெத்தில் ஒட்டியது 14. நிறை நிறமாலைமானி இந்த வேறுபாட்டைத் துல்லியமாகக் காட்டிவிடும். ஆனால் ஹிஸ்டிடின், அஸ்பார்டிக் அமிலம் ஆகியவற்றின்மேல் உள்ள பாஸ்பேட் எளிதில் உதிர்ந்துவிடும். ஆய்வுக்காகப் புரதத்தை அமிலத்தில் இடும்போதே காணாமல் போய்விடுவதும் உண்டு. நீச்சலையும் கூட்டக் கணக்கையும் நடத்துபவை இந்த முத்திரைகள்தான் என்பதால் இது பெரிய இடர்.

மருந்து தேடுவோரின் கண்ணும் இவற்றின்மேல்தான். ஹிஸ்டிடின் கைனேஸ் கொண்ட இந்த வகைச் சமிக்ஞை முறை மனிதச் செல்களில் இல்லை. அதைத் தடுக்கும் மருந்து கிடைத்தால் நம்மைத் தொடாமல் கிருமியை மட்டும் குழப்பலாம். பாக்டீரியாவைக் கொல்லாமல் நஞ்சு உண்டாக்குவதை மட்டும் நிறுத்த முடிந்தால், மருந்தை எதிர்க்கும் வகைகள் தோன்றும் அழுத்தமும் குறையலாம் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. இந்த யோசனைகள் ஆய்வுக்கூடத்தைத் தாண்டி மருந்துக்கடைக்கு வரவில்லை.

விப்ரியோ காலரேயின் முழு மரபணு வரிசை 2000ஆம் ஆண்டே வெளியாகிவிட்டது: இரண்டு குரோமோசோம்கள், சுமார் 40 லட்சம் எழுத்துகள், 3,900ஐ ஒட்டிய மரபணுக்கள். அந்தப் பாக்டீரியாவுக்கு என்னென்ன செய்யத் தெரியும் என்ற பட்டியல் அது. ஒரே மரபணு வரிசை உள்ள இரண்டு விப்ரியோக்களில் ஒன்று நீந்திக்கொண்டும் இன்னொன்று ஓட்டில் ஒட்டிக்கொண்டும் இருக்கலாம், அந்த வேறுபாடு வரிசையில் தெரியாது. நீரைச் சோதித்து விப்ரியோ இருக்கிறதா என்று சொல்ல மரபணுச் சோதனை போதும். நஞ்சு மரபணு உள்ளதா என்றும் அதே சோதனை சொல்லிவிடும். அந்த நேரத்தில் அது எதைத் தின்கிறது, எத்தனை பேரோடு இருக்கிறது, நஞ்சு செய்கிறதா என்று அறிய வேண்டுமானால், மரபணு இயக்கத்தோடு புரதங்களின்மேல் உள்ள முத்திரைகளையும் படிக்க வேண்டும்.